அழையா விருந்தாளி (கால்சியத்தின் கதை – 5)

சென்ற பகுதியில், 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சிச் சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தைத் தனி உலோகமாகப் பிரித்ததோடு நிறுத்தினோம். அதன் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு, உயிர்களைப் பற்றி ஆராய்ந்தவர்களுக்குக் கால்சியம் என்றால் எலும்பு, பல், முட்டை ஓடு, சிப்பி. உடலைத் தாங்கி நிற்கும் சரக்கு, அவ்வளவுதான். உயிரை இயக்குவதும் அதுதான் என்பது லண்டனில் ஒரு தண்ணீர்க் குழாயின் உபயத்தால் வெளிவந்தது. அந்தக் கதையையும், அது முழுமை பெற ஏன் இன்னொரு நூற்றாண்டு ஆனது என்பதையும் இந்தப் பகுதியில் பார்ப்போம்.

சிட்னி ரிங்கர் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் பேர்பெற்ற மருத்துவர். 1869இல் அவர் எழுதிய மருந்தியல் கையேடு பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. நோயாளிகளைப் பார்ப்பதே முழுநேர வேலை. வார்டுக்குப் போகுமுன் காலையிலும், வார்டு வேலை முடிந்த பிறகும் கிடைத்த நேரத்தில்தான் ஆய்வுக்கூடம். அப்படிக் கிடைத்த நேரத்திலேயே உடலியங்கியலுக்கான முதன்மை ஆங்கில இதழில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதிவிட்டார்.

அன்றைய கேள்வி இது. தவளையின் இதயத்தை உடலிலிருந்து எடுத்த பிறகும் அது துடிக்கிறது. ஆனால் வெறும் உப்புத் தண்ணீரைச் செலுத்தினால் துடிப்பு மங்கி நின்றுவிடுகிறது, இரத்தத்தைச் செலுத்தினால் மீள்கிறது. அப்படியானால் இரத்தத்தில் உள்ள எது இதயத்தை ஓட்டுகிறது? ஹியூகோ குரோனெக்கர் முதலான ஜெர்மானிய அறிஞர்கள் புரதம் என்றார்கள். இரத்தச் சீரத்திலுள்ள அல்புமின் இதயத்துக்கு உணவாகிறது, உணவு தீர்ந்தால் துடிப்பு நிற்கிறது என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

ரிங்கர் இரத்தத்தின் உட்பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்த்தார். 1882இல் முதல் கட்டுரை வந்தது. நூற்றுக்கு முக்கால் பங்கு சாதாரண உப்பு, அதனோடு துளி பொட்டாசியம் உப்பு, இவை இருந்தாலே தவளை இதயம் வெகுநேரம் நன்றாகத் துடிக்கிறது என்பது அதன் சாரம். புரதம் தேவையில்லை.

பிறகு எல்லாம் குழம்பியது. அதே உப்பு, அதே அளவு, அதே வகைத் தவளை. ஆனால் இதயம் சற்று நேரத்தில் சோர்ந்து நின்றது. முன்பு மணிக்கணக்கில் துடித்தது இப்போது ஏன் துடிக்கவில்லை? ரிங்கர் காரணத்தைத் தோண்டினார். கரைசல் தயாரிக்கும் வேலை பீல்டர் என்ற உதவியாளருடையது. காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குழாய்த் தண்ணீரில் கரைத்தாலும் டாக்டருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது என்று பீல்டர் நினைத்து, முதல் கட்டுரைக்கான கரைசல்களை நேராகக் குழாயடியிலேயே முடித்திருக்கிறார். நோபல் பரிசு பெற்ற ஹென்றி டேல் பிற்காலத்தில் பதிவு செய்த செய்தி இது.

1883இல் வந்த அடுத்த கட்டுரையின் தொடக்கத்திலேயே ரிங்கர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். முந்தைய கட்டுரையின் கரைசல்கள் வடித்த நீரால் ஆனவை அல்ல, நியூ ரிவர் கம்பெனியின் குழாய் நீரால் ஆனவை, ஆகவே தம் முந்தைய முடிவுகள் திருத்தப்பட வேண்டும் என்று எழுதினார். உதவியாளர் மீது பழி போடவில்லை. அந்தத் தண்ணீரின் பகுப்பாய்வையும் அச்சிட்டார். பத்து லட்சம் பங்கு தண்ணீரில் சுமார் 38 பங்கு கால்சியம்.

இந்த 38இல் கொஞ்சம் நிற்போம். லிட்டருக்குக் கிட்டத்தட்ட 38 மில்லிகிராம் என்று பொருள். நம் இரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல், தனி அயனியாகத் திரியும் கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 48 மில்லிகிராம். இரண்டும் வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கம். நியூ ரிவர் என்பது 1613இல் திறக்கப்பட்ட கால்வாய். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் ஊற்றுகளிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வளைந்து வந்து லண்டனுக்குக் குடிநீர் தந்தது. அந்த ஊற்றுகள் வெண்சுண்ணப் பாறையிலிருந்து சுரப்பவை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து இறுகிய பாறை அது. அவற்றின் சுண்ணம் கரைந்து, கால்வாயில் ஓடி, குழாயில் இறங்கி, ஒரு தவளையின் இதயத்தைத் துடிக்க வைத்திருக்கிறது. இதே ஆய்வைக் கிளாஸ்கோவில் செய்திருந்தால்? அந்த நகரத்துக்கு 1859 முதல் கேட்ரின் ஏரியின் நீர் வந்தது. அதில் சுண்ணம் மிகக் குறைவு. பீல்டர் அங்கே வேலை பார்த்திருந்தால் குழாய் நீரும் வடித்த நீரும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்துகொண்டிருக்கும், கண்டுபிடிப்பும் நழுவியிருக்கும்.

வடித்த நீரில் கால்சியத்தை மட்டும் அளந்து சேர்த்துப் பார்த்தார் ரிங்கர். இதயம் மீண்டும் துடித்தது. ஆனால் கால்சியம் மட்டும் இருந்தால் இதயம் சுருங்குகிறதே தவிர, சரியாகத் தளர்வதில்லை. பொட்டாசியம் சேர்ந்தால்தான் சுருக்கமும் தளர்ச்சியும் சமன்படுகின்றன. சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இந்தச் சமநிலைதான் ரிங்கர் கரைசல். பிற்பாடு மீன்களை வடித்த நீரில் விட்டும், தவளை முட்டைகளை வளர்த்தும், கால்சியம் இல்லாத நீரில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் பிடிப்பை இழப்பதைப் பார்த்தும் அவர் தொடர்ந்தார். ஒவ்வொன்றும் இன்று தனித் துறையாக வளர்ந்திருக்கிறது.

நம்மூர் மருத்துவமனைகளில் 'ஆர்.எல். பாட்டில்' என்ற சொல்லைக் கேட்காதவர் குறைவு. டெங்குக் காய்ச்சலோ, கடும் வயிற்றுப்போக்கோ, அறுவை சிகிச்சையோ, நர்ஸ் கொண்டுவந்து மாட்டும் அந்த டிரிப்தான் ரிங்கர் லாக்டேட். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930களில் ரிங்கரின் கரைசலோடு சோடியம் லாக்டேட்டைச் சேர்த்தார். வயிற்றுப்போக்கால் குழந்தைகளின் இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும்போது, உடல் லாக்டேட்டை பைகார்பனேட்டாக மாற்றி அதைத் தணிக்கும். இப்போது நம் ஊரில் ஓடும் பாட்டிலிலும் ரிங்கர் சேர்த்த அந்தச் சிறு அளவு கால்சியம் இருக்கிறது.

இவ்வளவு தெளிவான சான்று கிடைத்த பிறகு, தசையைச் சுருக்குவது கால்சியம்தான் என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டாமா? ஒப்புக்கொள்ளவில்லை. காரணம், கை கால்களை அசைக்கும் எலும்புத் தசை. கால்சியம் இல்லாத கரைசலில் போட்டாலும் அது கணிசமான நேரம் சுருங்கி விரிந்துகொண்டே இருந்தது. இதயத்துக்கு வேண்டும், காலுக்கு வேண்டாம் என்றால் அது பொதுவிதி ஆகாதே என்று விட்டுவிட்டார்கள். உண்மை வேறு. எலும்புத் தசையின் ஒவ்வொரு நாரும் தனக்குத் தேவையான கால்சியத்தை உள்ளேயே பைகளில் சேமித்து வைத்திருக்கிறது. தவளை இதயத்தின் நாரில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். ரிங்கர் தற்செயலாகத் தேர்ந்த தசை, கால்சியத்தைக் கண்டுபிடிக்க மிகப் பொருத்தமான தசை.

கால்சியம் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்று நேரடியாகப் பார்த்தவர்கள் ஜப்பானில் கமதாவும் கினோஷிதாவும், 1943இல். அமெரிக்காவில் லூயிஸ் விக்டர் ஹெய்ல்ப்ரன், 1947இல். தவளைத் தசை நாரின் உள்ளே பல உப்புகளைச் செலுத்திப் பார்த்த ஹெய்ல்ப்ரன், மிகக் குறைந்த அளவில் நாரைச் சுருக்கியது கால்சியம் ஒன்றே என்றார். வாழ்நாள் முழுதும் அதையே சொன்னார். துறையின் பெரியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது எல்லோர் கண்ணும் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறின் மீது. ஒரு சாதாரண சுண்ணாம்பு அயனி இத்தனை பெரிய வேலையைச் செய்யும் என்று நம்ப மனம் வரவில்லை.

நம்பாததற்கு இன்னொரு காரணம் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களைத்தான் இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிக்கிறேன். தசைப் புரதங்களைப் பிரித்தெடுத்து, குடுவையில் ஏ.டி.பி. சேர்த்தால் அவை சுருங்கின. கால்சியம் எதுவும் சேர்க்கவில்லை. ஆகவே கால்சியம் தேவையில்லை என்று முடிவு கட்டினார்கள். ஆனால் தசைப் புரதம் விழித்துக்கொள்ள லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் அளவு கால்சியமே போதும். கண்ணாடிக் குடுவையிலிருந்தும், கடையில் வாங்கிய உப்புகளிலிருந்தும், ஏன், வடித்த நீரிலிருந்தும்கூடக் கசிந்த கால்சியம் பல ஆய்வுக்கூடங்களில் அதைத் தாண்டியது. ரிங்கரின் குழாய் நீரில் நடந்ததே எழுபது ஆண்டுகளுக்குப் பின் மறுபடி நடந்தது. இந்த முறை அழையா விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

அதை வெளியேற்றுவதற்கான கருவி சாயத் தொழிலிலிருந்து வந்தது. கடின நீரிலுள்ள கால்சியம் துணிச் சாயத்தைத் திட்டுத் திட்டாக்கிக் கெடுக்கும். சாயப்பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஜெர்மனியில் இதற்குச் சிட்ரிக் அமிலம் பயன்பட்டது, அதை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. மாற்றுத் தேடிய ஃபெர்டினண்ட் மூன்ஸ் என்ற வேதியியலாளர், கால்சியத்தை நாற்புறமும் கவ்விப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தை 1935இல் உருவாக்கினார். அடுத்து வந்த ஈ.ஜி.டி.ஏ. இன்னும் கெட்டிக்காரத்தனமானது. உயிரணுவில் நிறைந்திருக்கும் மக்னீசியத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் கால்சியத்தை மட்டும் பிடிக்கும். துணிக்காகச் செய்த பொருள், தசையின் மர்மத்தைத் திறக்கும் சாவியானது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்த செட்சுரோ எபாஷி, 1950களில் தசையைத் தளர்த்தும் ஒரு பொருளைத் துரத்திக்கொண்டிருந்தார். தசையை அரைத்த சாற்றில் தளர்த்தும் காரணி ஒன்று இருப்பதை இங்கிலாந்தில் மார்ஷ் கண்டிருந்தார். அது கரையும் மூலக்கூறு என்று பலர் தேடினார்கள். எபாஷியோ அது கரைவதில்லை, சின்னஞ்சிறு பைகளாகத் திரள்கிறது என்றார். அந்தப் பைகள் செய்வது ஒரே வேலை: சுற்றியுள்ள கால்சியத்தை உறிஞ்சி உள்ளே பூட்டுவது. கால்சியத்தைக் கவ்வும் பல சேர்மங்களை எடுத்து, எது எவ்வளவு உறுதியாகக் கவ்வுகிறதோ அது அவ்வளவு நன்றாகத் தசையைத் தளர்த்துகிறது என்றும் காட்டினார். நியூயார்க்கில் நோபல் அறிஞர் ஃபிரிட்ஸ் லிப்மனின் கூடத்தில் அவர் பணிபுரிந்தபோது லிப்மனே முதலில் நம்பவில்லை. ஓர் உயிர்வேதியியல் மேதைக்கு, பதில் 'கால்சியம்' என்பது சப்பென்று இருந்திருக்க வேண்டும். முடிவில் இருவர் பெயரோடும் 1962இல் கட்டுரை வந்தது. அதே காலத்தில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ஹாசல்பாஹும் மகினோசேயும் தனியே அதே முடிவுக்கு வந்தார்கள்.

இங்கே ஆன்மேரி வெபரின் பெயரைச் சொல்லாமல் போகக்கூடாது. நுண்ணளவுக் கால்சியம் இல்லாவிட்டால் இயற்கையான தசைப் புரதம் இயங்காது என்று 1959லேயே அச்சில் காட்டியவர் அவர். கரைசல்களில் ஒளிந்திருந்த கால்சியத்தைக் கவ்வியெடுத்து, மிச்சம் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொன்னவர். தசை ஆராய்ச்சியில் பெரும் புள்ளியாக இருந்த ஹான்ஸ் ஹெர்மன் வெபரின் மகள். ஹாசல்பாஹும் மகினோசேயும் வேலை செய்தது அந்தத் தந்தையின் நிறுவனத்தில்தான்.

ஒரு முடிச்சு மிச்சம். தசையைச் சுருக்கும் இரு புரதங்களான ஆக்டினையும் மயோசினையும் சுத்தமாக எடுத்து, அவற்றை மட்டும் கலந்தால், கால்சியம் அறவே இல்லாவிட்டாலும் அவை இயங்கின. கால்சியத்தின் கட்டளையைக் கேட்கும் ஏதோ ஒன்று, சுத்தம் செய்யும்போதே தொலைந்துபோகிறது என்று எபாஷி உய்த்துணர்ந்தார். 1965இல் அவரும் அயாகோ கொடாமாவும் அதைப் பிரித்துப் பெயரிட்டார்கள்: ட்ரோபோனின். நெஞ்சுவலியென்று மருத்துவமனைக்குப் போனால் இரத்தத்தில் எடுத்துப் பார்க்கும் 'ட்ரோபோனின் டெஸ்ட்' இதே புரதக் குடும்பத்தைத்தான் தேடுகிறது. இதயத் தசை சிதைந்தால் அது இரத்தத்தில் கசியும். தசைக்குள் அதன் வேலை இது: கால்சியம் வந்து ட்ரோபோனினில் அமர்ந்ததும், ஆக்டின் இழையை மூடியிருக்கும் ட்ரோபோமயோசின் விலகுகிறது, மயோசின் பற்றி இழுக்கிறது, தசை சுருங்குகிறது. பைகளின் சுவரிலுள்ள பம்புகள் கால்சியத்தைத் திரும்ப உள்ளே இறைத்ததும் தளர்கிறது. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் நடப்பது இதுதான். எபாஷிக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும்.

இத்தனையும் குடுவையில் கண்டவை. உயிருள்ள அணுவுக்குள் கால்சியம் வந்து போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கும் ஒரு தண்ணீர்தான் வழி விட்டது.

ஒசாமு ஷிமோமுரா ஜப்பானின் நகோயாவில், ஒளிரும் சிறு கடலுயிரி ஒன்றின் ஒளிப்பொருளைப் படிகமாக்கி 1956இல் பெயர் எடுத்தவர். பிரின்ஸ்டனிலிருந்து ஃபிராங்க் ஜான்சன் அவரை அழைத்தார். 1961 கோடையில் இருவரும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குக் காரிலேயே போய், வாஷிங்டன் மாநிலத்து ஃபிரைடே ஹார்பர் கடல் ஆய்வுக்கூடத்தில் இறங்கினார்கள். அங்கே துறைமுக நீரில் ஏகோரியா என்னும் ஜெல்லி மீன்கள் ஓயாமல் மிதந்து வரும். நம் மீனவர்கள் சொறி என்று ஒதுக்கும் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் குடை விளிம்பு தொட்டால் ஒளிரும். வலையில் அள்ளி, விளிம்பை வெட்டி, துணியில் பிழிந்து சாறு எடுத்தார்கள். பிழிந்தவுடனேயே ஒளி தீர்ந்துபோகும். தீராமல் எடுப்பது எப்படி என்பதுதான் சிக்கல். தெரிந்த முறை எதுவும் பலிக்கவில்லை.

ஷிமோமுரா படகில் தனியே போய் உட்கார்ந்து யோசித்தார். ஒளியை உண்டாக்குவது ஒரு புரதமாக இருந்தால், அமிலத்தன்மையை மாற்றி அதைத் தற்காலிகமாக அடக்கிவிடலாமே என்று தோன்றியது. அமிலக் கரைசலில் பிழிந்தார். ஒளி அடங்கியது. சோடா உப்பால் அமிலத்தைத் தணித்தார். மங்கலாக ஒளி திரும்பியது. திருப்தியில்லாமல் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினார். தொட்டி பளீரென்று நீலமாக மின்னியது. அருகிலிருந்த மீன் தொட்டிகளிலிருந்து வழியும் கடல் நீர் அந்தத் தொட்டியில்தான் வடிந்துகொண்டிருந்தது. கடல் நீரில் என்ன இருக்கிறது என்பது தெரிந்ததே. பொருத்திப் பார்த்ததில், ஒளியை ஏற்றியது கால்சியம் என்று விரைவில் தெரிந்தது. அதற்குப் பிறகு, கால்சியத்தைக் கவ்வும் ஈ.டி.டி.ஏ.வைச் சேர்த்தே பிழிந்தார்கள். அந்தக் கோடையில் பிடித்த சுமார் 10,000 ஜெல்லி மீன்களிலிருந்து கிடைத்த ஏகோரின் என்னும் புரதம் சில மில்லிகிராம்.

கால்சியம் பட்டால் ஒளிரும் புரதம். இதைவிடச் சிறந்த சாட்சி எங்கே கிடைக்கும்? 1967இல் ரிட்ஜ்வேயும் ஆஷ்லியும் கொட்டலசின் பருத்த தசை நாரில் ஏகோரினைச் செலுத்தித் தூண்டினார்கள். முதலில் ஒளி எழுந்தது, பிறகு தசை சுருங்கியது. ஹெய்ல்ப்ரன் சொன்னது மெய்தான் என்று ஒளியே எழுதிக் காட்டியது. அவர் 1959லேயே இறந்துவிட்டார். அடுத்த பத்தாண்டில் லயனல் ஜாஃபியும் ரிட்ஜ்வேயும் அவர்கள் குழுவும் மெடாகா மீனின் முட்டையில் ஏகோரினை வைத்துப் பார்த்தார்கள். விந்து நுழைந்த முனையில் கிளம்பிய கால்சிய அலை முட்டையின் மறுமுனை வரை பரவியது. ஓர் உயிரின் வளர்ச்சி அந்த அலையோடு தொடங்குகிறது.

ஏகோரினை ஒவ்வொரு அணுவிலும் ஊசியால் செலுத்த வேண்டியிருந்தது. அந்தத் தடையை உடைத்தவர் ராஜர் சியன். ஈ.ஜி.டி.ஏ.வின் உடலில் பென்சீன் வளையங்களைப் பொருத்தி, 1980இல் பாப்டா என்ற சேர்மத்தைச் செய்தார். கால்சியம் சேர்ந்தால் அது ஒளியை உறிஞ்சும் விதம் மாறும். அதன் வாரிசுகளான க்வின்-2, ஃபுரா-2 ஆகியவற்றுக்கு முகமூடி போட்டு அணுவுக்குள் தாமாகவே நுழைய வைத்தார். உள்ளே போனதும் அணுவின் நொதிகளே முகமூடியைக் கழற்றிவிடும். ஃபுரா-2 வந்தது 1985இல். அதன் பிறகு உலகெங்கும் நுண்ணோக்கியிலேயே நரம்பணுவிலும் சுரப்பியிலும் கால்சியம் எழுந்து தணிவதைப் பார்க்க முடிந்தது. சாயப்பட்டறைக்கான மூலக்கூறின் பேரப்பிள்ளைகள் இவை. ஷிமோமுராவும் சியனும் 2008இல் மார்ட்டின் சால்ஃபியோடு நோபல் பரிசு பெற்றார்கள். பரிசு, அதே ஜெல்லி மீனில் ஏகோரினோடு கூடவே கிடைத்த பச்சை ஒளிப் புரதத்துக்கு.

அளந்து பார்த்ததில் வெளிவந்த எண்தான் இந்த வரலாற்றின் திறவுகோல். ஓய்ந்திருக்கும் அணுவுக்குள் தனித்துத் திரியும் கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 4 மைக்ரோகிராம் மட்டுமே. வெளியே இரத்தத்தில் 48 மில்லிகிராம். பத்தாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம். அணு தன் ஆற்றலைச் செலவழித்து இரவும் பகலும் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தள்ளாவிட்டால் என்ன? அணுவின் ஆற்றல் நாணயம் பாஸ்பேட். கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாகச் சந்தித்தால் கரையாத உப்பாகப் படிந்து இறுகிவிடும். அதனால்தான் உயிர், தோன்றிய காலத்திலேயே கால்சியத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பல உயிரியலாளர்கள் கருதுகிறார்கள். நானும் அப்படியே கருதுகிறேன். உள்ளே இவ்வளவு குறைவாக இருப்பதால், சிறிது நுழைந்தாலும் அது உரத்த செய்தியாகக் கேட்கிறது.

அணு பயந்து தவிர்க்கும் அந்தப் படிவையே உடல் வேண்டிய இடத்தில், வேண்டிய வடிவில் வரவழைத்தால் அது எலும்பு. அதே வித்தையைச் சிப்பியும் பவளமும் கார்பனேட்டைக் கொண்டு செய்கின்றன. உடைந்த எலும்புக்கு ஒட்டுப்பொருள் செய்யும் பொறியியலாளர்களும், சிமெண்ட் இறுகுவதை ஆராய்பவர்களும் இன்று அவற்றிடம்தான் பாடம் கேட்கிறார்கள். அடுத்த பகுதியில் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளிலிருந்து தொடங்கி, கால்சியம் கல்லாகும் கதைக்குள் போவோம். பள்ளியில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இந்தப் பகுதியை அவர்களிடமும் கொடுங்கள்.